ரீப்பர் தரையும் ஒரு வருஷக் காரண்டியும்

மகனுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். தோப்பில் தேங்காய் வெட்டு முடிந்தது, மாடு கன்று போட்டிருக்கிறது, சாரல் ஆரம்பித்துவிட்டது. என் கோபமும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வெள்ளிக்கிழமை நீ வந்து, மதுரையில் மோட்டார் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது என்றாய். என்ன வேலை என்று கேட்டேன். காரண்டியில் இருக்கிற வண்டி உடைந்தால் அந்த ஊருக்கே போய்ப் பார்த்து, கம்பெனி பொறுப்பா இல்லையா என்று எழுதிக் கொடுக்கிற வேலை என்றாய். யுத்தம் முடிந்து புது வண்டிகள் மறுபடி வர ஆரம்பித்திருப்பதால் ஆள் எடுக்கிறார்களாம். பிறகு கம்பெனியின் பெயரைச் சொன்னாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். "அம்மாவுக்குச் சந்தோஷமில்லையோ?" என்று நீ சுடலைமுத்துவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. பால் பொங்கிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று பிறகு சொன்னேன். பால் பாவம், அது பொங்கவே இல்லை. பொங்கினது நான்தான்.

நம்மிடம் பஸ் ஓடியது உனக்குத் தெரியும். தென்காசியிலிருந்து குற்றாலம், செங்கோட்டை வழியாகப் புளியறைக்கும், சில நாள் அதற்கு மேல் மலையேறியும் போய் வரும். அதை ஓட்டிய சுடலைமுத்து ஏன் ஓட்டுவதை விட்டான் என்பது மட்டும் உனக்குத் தெரியாது. நீ அப்போது பாளையங்கோட்டையில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்தபோது அவன் தோப்பு வேலைக்கு மாறியிருந்தான். ஏன் என்று நீ கேட்டதற்கு, "கண்ணு கொஞ்சம் மங்கிட்டு தம்பி" என்று சிரித்தான். இன்றைக்கும் தென்னை உச்சியில் எந்தக் குலை முற்றியிருக்கிறது என்று கீழே நின்றே சொல்கிறான். அந்தக் கண்ணுக்கு என்ன மங்கல்?

உன் அப்பா காலமாகி, அவர் வாங்கிய பழைய பஸ்ஸும் ஓய்ந்துபோனபோது, இந்தத் தொழிலே வேண்டாம், வீட்டோடு இரு என்று எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். நான் இலஞ்சியில் என் பங்கு வயலில் ஒரு துண்டை விற்று, அந்த மதுரைக் கம்பெனியில் புது வண்டிக்குச் சொன்னேன். வண்டி என்றால் முழு வண்டி இல்லை. ஒரு இன்ஜின், சக்கரங்கள், ஸ்டீரிங், இரண்டு நீள இரும்புச் சட்டம். இவ்வளவைத்தான் கம்பெனி கொடுக்கும், சேஸ் என்பார்கள். சுடலை அதன்மேல் ஒரு மரப்பெட்டியைக் கட்டி அதில் உட்கார்ந்துகொண்டு, தலையில் துண்டைச் சுற்றி, மதுரையிலிருந்து தென்காசி வரை வெயிலில் ஓட்டி வந்தான். எலும்புக்கூடு போகுது என்று வழியெல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்களாம். அதற்கு மேல் பாடி கட்டுவது வாங்கியவர் பாடு. அன்றைக்கு நம் ஜில்லாவில் ஓடிய எந்த பஸ்ஸும் அப்படித்தான் கட்டப்பட்டது. இதை நீ மறக்கக் கூடாது, ஏனென்றால் கம்பெனி மறந்துவிட்டது.

பாடி கட்ட ஆசாரி வந்தபோது நான் ஒன்றே ஒன்று சொன்னேன். சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு வருகிற பெண்களுக்குச் சேலை மாற்ற அங்கே மறைவு ஏது? சொட்டச் சொட்ட அப்படியே பஸ்ஸில் ஏறுவார்கள். தலையில் தேய்த்த எண்ணெயும் சீயக்காயும் தண்ணீரோடு பலகையில் தேங்கி, வாழைத்தோல் மேல் நடக்கிற மாதிரி வழுக்கும். பழைய பஸ்ஸில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வழுக்கி விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் நடுவில் பலகை வேண்டாம், விரல் இடைவெளி விட்டு ரீப்பர் என்கிற ஒல்லிக் கட்டைகளை அடியுங்கள், தண்ணீர் கீழே ஓடிவிடும் என்றேன். ஆசாரி சிரித்தார், ஆனால் அடித்துக் கொடுத்தார். அந்தச் சீசனில் ஏறின பெண்களெல்லாம் தரையைப் பார்த்து, "இது யாரு யோசனை?" என்று கேட்டார்கள். சுடலை, "எங்க ஆச்சி யோசனை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டது தப்பென்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

வண்டி வாங்கி ஒரு வருஷக் காரண்டியில் பாதிக் காலம்கூட ஓடியிராது. புளியறை தாண்டி மலை ஏற்றத்தில் பின் ஆக்ஸில் படாரென்று முறிந்துவிட்டது. சக்கரத்தைச் சுற்ற வைக்கிற இரும்புத் தண்டு அதுதான். அது போனால் இன்ஜின் எவ்வளவு கத்தினாலும் வண்டி ஏறாது. நிறைய ஜனத்தோடு பஸ் பின்னால் உருள ஆரம்பித்தது. பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. சுடலை தலையை வெளியே நீட்டி, பின்னால் பார்த்துக்கொண்டே ஸ்டீரிங்கைத் திருப்பி, வண்டியின் முதுகை மலைமேல் கொண்டுபோய்ச் சாத்தினான். ஒரு பெரியவருக்குக் கை ஒடிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அத்தனை பேரும் இறங்கி வீட்டுக்கு நடந்து போனார்கள். அன்றைக்கு அவன் திருப்பிய திருப்பு இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் ஒப்பாரி என்று நினைத்துப் பார்.

கை ஒடிந்ததால் போலீஸ் வந்தது. விசாரித்த இன்ஸ்பெக்டர் என்னிடம் தெளிவாகச் சொன்னார். "வண்டியில குறைன்னு கம்பெனி ஒரு வரி எழுதித் தரட்டும். டிரைவர் மேல ஒண்ணும் வராது. இல்லைன்னா லைசென்ஸ் போயிரும்." ஆக, சுடலையின் பிழைப்பு கம்பெனி எழுதுகிற ஒரு வரியில் இருந்தது. எனக்கு அதில் பயமே இல்லை. முறிந்த தண்டை வெளியே எடுத்துப் போட்டபோது நானே பார்த்தேன். முறிந்த முகத்தில் பாதி புதுசாகப் பளபளத்தது, பாதி கறுத்துக் கிடந்தது. சூளையிலேயே கீறல் விட்ட பானை இடுப்பில் வைக்கும்போது உடைகிறதே, அதே கதை. பாதி முறிந்ததைத்தான் நமக்கு விற்றிருக்கிறார்கள். கம்பெனிக்கு எழுதினேன். ஒரு ஆளை அனுப்புகிறோம் என்று பதில் வந்தது.

வந்தவர் சின்ன வயசுக்காரர். இன்றைக்கு உனக்கு இருக்கிற வயசுதான் இருக்கும். "மதுரையிலேருந்து ஒருத்தர் வந்திருக்காவ ஆச்சி" என்று சுடலைதான் ரயிலடியிலிருந்து வில்வண்டியில் கூட்டி வந்தான். இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே வந்தார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வந்தவர் சாப்பிட்டு எழுந்திருக்கிற வரை, என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்க மாட்டோம். கேட்டால், வேலை முடிந்தால் கிளம்பு என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். வந்தவரே சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, தானாகச் சொல்ல வேண்டும். அதனால் நான் கேட்கவில்லை. முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்று அருவிக்கு அனுப்பினேன். சுடலை நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு கூடப் போய், அருவிக்கரையில் அந்த ஆளின் முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டான். தன் பிழைப்பைக் கெடுக்க வந்தவன் முதுகு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன், பலாக்கொட்டைப் பொரியல், நெய், இரண்டு பாயசம். அவர் ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா, பஸ்ல தரையை வித்தியாசமா போட்டிருக்கீங்களே, யார் யோசனை?" என்று கேட்டார். நான் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஈரச் சேலை, சீயக்காய், பிள்ளைத்தாய்ச்சி, ரீப்பர், விரல் இடைவெளி. "தண்ணி நேரா கீழ போயிருமா?" என்றார். "ஒரு சொட்டு மேல நிக்காது" என்றேன். "பின் சக்கரத்துப் பக்கமும் இப்படித்தானா?" என்றார். "கடைசி சீட்டு வரைக்கும்" என்றேன். "பிரமாதம்மா, இப்படி யாருக்கும் தோணலையே" என்றார். அவர் கையில் காகிதம் இல்லை, பென்சில் இல்லை. கை நிறையச் சொதி. விசாரணை நடக்கிறதென்று அந்தக் கையைப் பார்த்து யார் சொல்லுவார்? சாப்பிட்டு எழுந்ததும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார். முறிந்த ஆக்ஸில் முற்றத்தில் சாக்கில் கட்டிக் கிடந்தது. அதை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. பலாப்பழம் ஒன்று கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

கம்பெனியின் பதில் இங்கிலீஷில் வந்தது. வக்கீல் குமாஸ்தா ஒருவரை அழைத்து வாசிக்கச் சொன்னேன். வாங்கியவர் வண்டியின் தரை அமைப்பை மாற்றியிருப்பதாலும், அதன் வழியே தண்ணீர் தொடர்ந்து பின் ஆக்ஸில் பக்கம் இறங்க விடப்பட்டதாலும் காரண்டி செல்லாது. பாகத்தில் குறை எதுவும் இல்லை. ஓட்டியவரின் கவனக் குறைவும் காரணமாக இருக்கலாம். அவ்வளவுதான். குமாஸ்தா வாசித்து முடித்ததும் சுடலை, "நான் என்ன செஞ்சேன் ஆச்சி?" என்று கேட்டான்.

நீயே சொல். அந்த ஆக்ஸில் இரும்புக் கூட்டுக்குள், எண்ணெயில் கிடக்கிறது. தரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் அதைத் தொட வேண்டுமானால் இரும்பைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மழையில் சக்கரம் முங்குகிற தண்ணீரில் இதே வண்டி போகிறதே, அப்போது மட்டும் காரண்டி குடை பிடித்துக்கொள்ளுமா? வண்டியை மாற்றினேனாம்! இரண்டு இரும்புச் சட்டத்தை விற்றுவிட்டு, அதன்மேல் எதையாவது கட்டினால் மாற்றியது என்கிறவன், ஜனங்களை அந்தச் சட்டத்தில் துணி உலர்த்துகிற மாதிரி தொங்கப் போடவா சொல்கிறான்? எதை மாற்றினோமோ அதற்கும் எது உடைந்ததோ அதற்கும் ஒரு சம்பந்தம் வேண்டாமா? நான் மூக்குத்தி மாற்றினேன், அதனால் கால் சுளுக்கியது என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா? இங்கிலீஷில் சொன்னால் மட்டும் சிரிக்காமல் கோப்பில் வைத்துக்கொள்கிறார்கள்.

மதுரைக்குக் கிளம்பினேன். சாக்கில் கட்டிய ஆக்ஸிலைச் சுடலை தோளில் தூக்கிக்கொண்டான். நான் யாரென்று கம்பெனி வாசலில் இருந்தவனுக்குத் தெரியாது. பட்டுச் சேலையையும் கூட வந்த ஆளையும் பார்த்துவிட்டு, வண்டி வாங்க வந்தவள் என்று நினைத்து, கொல்லைப் பக்கம் கூட்டிப் போய் ஒரு புது பஸ்ஸைக் காட்டினான். அப்போதுதான் கம்பெனியே பாடியும் கட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்ததாம். ஆலங்குளத்துக்காரர் ஒருவர் அதை விலை பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே தரை, விரல் இடைவெளி விட்ட ரீப்பர் தரை, கடைசி சீட்டு வரைக்கும்.

"இது என்ன தம்பி, இப்படிப் போட்டிருக்கு?" என்று கேட்டேன். "குற்றாலம் சீசனுக்குன்னே எங்க கம்பெனி யோசிச்சுச் செஞ்சதும்மா. ஈரத் தண்ணியெல்லாம் கீழ போயிரும்" என்றான். "காரண்டி உண்டா?" "முழுசா ஒரு வருஷம்மா." "இந்தத் தரையோடயா?" "தரையோடதாம்மா." நான் திரும்பி, "சுடலை, இறக்கு" என்றேன். அவன் சாக்கை அவிழ்த்து, முறிந்த ஆக்ஸிலை அந்த ரீப்பர் தரைமேல் தொம்மென்று வைத்தான்.

மானேஜர் ஓடி வந்தார். என்னை அறைக்குள் உட்கார வைத்து, விசிறியைப் போட்டு, கலர் சோடா வரவழைத்தார். நான் அதைத் தொடவில்லை. அவர் மெதுவாகப் பேசினார். புது ஆக்ஸில் ஒன்று சும்மா தருகிறோம், உங்களுக்காகச் செய்கிற உதவி, பழைய பாகத்தில் குறை இல்லை என்று மட்டும் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றார். "புது ஆக்ஸிலை நீரே வச்சுக்கிடும். டிரைவர் மேல தப்பு இல்லைன்னு எழுதித் தாரும். எனக்கு அது போதும்" என்றேன். "டிரைவருக்காகவாம்மா இவ்வளவு தூரம் வந்தீங்க? நூறு டிரைவர் கிடைப்பான்" என்றார். சுடலை கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தான். நான் எழுந்து வந்து, நம் ஆக்ஸிலை மறுபடி சாக்கில் கட்டச் சொன்னேன். கொல்லையில் அந்த ஆலங்குளத்துக்காரர் விற்பனைக்காரனிடம், "எனக்குக் காரண்டி உண்டுல்லா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். உண்டு என்று சொன்னான் போலிருக்கிறது. முன்பணம் கொடுத்தார்.

போலீஸ் விசாரணைக்கும் அதே ஆக்ஸிலைத் தூக்கிக்கொண்டு போனேன். கறுத்த பக்கத்தைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் அதைத் தடவிக்கூடப் பார்த்தார். "கம்பெனி எழுதியிருக்கே அம்மா" என்றார். இரும்பு சொல்வதை எழுத்து மாற்றிவிட்டது. சுடலையின் லைசென்ஸ் போயிற்று. அத்தனை உயிரையும் காப்பாற்றிய மனுஷன் கவனக் குறைவானவன் என்று சர்க்காரில் பதிந்திருக்கிறது. என் செலவில் வேறு ஆக்ஸில் போட்டு, வேறு ஆளை வைத்து ஓட்டினேன், மனசு ஒட்டவில்லை, யுத்தத்தில் பெட்ரோல் கட்டுப்பாடு வந்ததும் விற்றுவிட்டேன். சுடலை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் வில்வண்டியில் கூட வரும்போது கவனித்திருக்கிறேன். இறக்கம் வந்தால் அவன் வலது கால் தானாக முன்பலகையை அழுத்தும்.

இந்தக் கம்பெனியின் பெயரை நீ சொன்னபோது நான் அடுப்படிக்குப் போனது இதனால்தான். சுடலை என்ன சொன்னான் தெரியுமா? நீ போன பிறகு என்னிடம் வந்து, "நம்ம தம்பி அங்கன போகுதுன்னா நல்லதுதானே ஆச்சி. கேக்கதுக்கு ஒரு ஆளு அங்கன இருக்கும்லா" என்றான். அவனுக்குக் கோபம் வரவில்லையே என்று எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. விடிய விடிய யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதுதான் சரி என்று படுகிறது. அதனால் போகாதே என்று நான் சொல்லப்போவதில்லை. போ.

எல்லாருக்கும் உண்டு உண்டு என்று எழுது என்றும் சொல்லவில்லை. பத்து மூட்டை ஏற்ற வேண்டிய இடத்தில் முப்பது ஏற்றி, கூரையில் பலாப்பழத்தையும் ஆட்டையும் ஏற்றி, ஸ்பிரிங் முறிந்தால் கம்பெனி தரட்டும் என்று வருகிற பேர்வழிகளை நான் நன்றாக அறிவேன். அவர்களுக்கு இல்லை என்று எழுது, தைரியமாக எழுது. ஆனால் முதலில் உடைந்ததைப் பார். சாக்கை அவிழ்த்துப் பார். கையால் தொட்டுப் பார். மாற்றினதற்கும் உடைந்ததற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று குனிந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார். வேட்டி அழுக்கானால் சுடலை துவைத்துத் தருவான். தெரியாததை இருக்கலாம் என்று எழுதாதே. நீ சும்மா போட்டுவைக்கிற அந்த இருக்கலாம், எங்கேயோ ஒருத்தன் அடுப்பில் தண்ணீர் ஊற்றும். நம் ஆக்ஸில் இன்னும் தொழுவத்தில் கிடக்கிறது. அடுத்த தடவை வரும்போது அதிலிருந்தே ஆரம்பி.

இன்னும் ஒன்று. நீ போகிற ஊரிலெல்லாம் யாராவது ஒரு அம்மா உனக்கு இலை போடுவாள். எதற்கு வந்தாய் என்று உன்னைக் கேட்க மாட்டாள். கேட்கிற வழக்கம் நம் பக்கத்தில் கிடையாது. அதனால் நீயே சொல்லிவிட வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடு. நான் கம்பெனி ஆள், நான் கேட்பதெல்லாம் எழுதுவதற்காகக் கேட்கிறேன், உங்களுக்கு எதிராகவும் எழுத வேண்டி வரலாம், பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிடு.

அதைக் கேட்ட பிறகும் அவள் இலை போடுவாள். அப்புறம் உட்கார்ந்து சாப்பிடு.

அம்மா